பூங்காவில் சிலைக்கு எவ்வளவு இடம்?

தமிழ்நாட்டில் பொதுப் பூங்காவுக்குள் ஒரு சிலையோ, நினைவுத் தூணோ, கல்வெட்டோ வைப்பதற்கென்று தனிச் சட்டம் கிடையாது. பூங்காவைக் காப்பாற்ற ஒரு சட்டம் இருக்கிறது. சாலையோரச் சிலைகளுக்குத் தடை போடும் உச்ச நீதிமன்ற ஆணை இருக்கிறது. சிலைக்கு அனுமதி கேட்கும் மனு எந்தெந்த மேசைக்குப் போய்வர வேண்டும் என்று சொல்லும் அரசாணைகளும் இருக்கின்றன. ஆனால், பூங்காவில் யாருக்கு, எப்போது, எந்த அளவில் நினைவுச் சின்னம் வைக்கலாம், அதை யார் பராமரிப்பது, பின்னாளில் அகற்ற வேண்டி வந்தால் என்ன செய்வது என்ற கேள்விகளுக்கு உள்ளாட்சி அமைப்புகளிடம் எழுதிவைத்த பதில் இல்லை. விதி பேசாத இடத்தில் செல்வாக்கு பேசுகிறது. மருதிருவரும் வேலு நாச்சியாரும் குயிலியும் வாழ்ந்து மடிந்த சிவகங்கைச் சீமையில், நினைவுகூரப்பட வேண்டியவர்களின் பட்டியல் நீளம். பூங்காக்களின் பட்டியல் குட்டை. இங்கே இந்த இடைவெளி கூடுதலாகவே உறுத்துகிறது.

பூங்கா யாருக்குச் சொந்தம்?

1959-இல் இயற்றப்பட்ட பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், திறந்தவெளிகள் பாதுகாப்புச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. அது சொல்வது எளிமையானது. ஒவ்வொரு உள்ளாட்சி அமைப்பும் தன் எல்லைக்குள் உள்ள பூங்காக்கள், திடல்கள், திறந்தவெளிகள் அனைத்தையும் வரைபடத்தோடு பட்டியலிட்டு வெளியிட வேண்டும். பட்டியலில் ஏறிய இடத்தை அரசின் முன் அனுமதி இல்லாமல் வேறு எதற்கும் பயன்படுத்தக் கூடாது. அதன் பயனைக் குறைக்கும் கட்டடம் எதையும் அங்கே எழுப்பக் கூடாது. இடத்தைச் சுத்தமாகவும் நல்ல நிலையிலும் வைத்திருப்பது உள்ளாட்சியின் பொறுப்பு.

இன்று நகரங்களில் உருவாகும் புதிய பூங்காக்களில் பெரும்பாலானவை மனைப்பிரிவுகளிலிருந்து வருபவை. 2019-இன் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலை போக எஞ்சிய பரப்பில் 10 சதவீதத்தைப் பொதுத் திறந்தவெளியாக ஒதுக்கி, தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சியிடம் ஒப்படைக்க வேண்டும். பத்திரத்தில் ‘தானம்’ என்று இருந்தாலும், அந்த நிலத்தின் விலை மனை வாங்கியவர்களின் தலையில்தான் ஏறியிருக்கும். கடன் வாங்கி இரண்டரை சென்ட் வாங்கிய குடும்பம், கண்ணுக்குத் தெரியாமல் பூங்காவுக்கும் பணம் கட்டியிருக்கிறது.

நீதிமன்றங்களும் இந்தக் கோணத்திலேயே பார்த்திருக்கின்றன. பெங்களூரில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்ததை 1991-இல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. லக்னோவின் ஜண்டேவாலா பூங்காவுக்கு அடியில் கட்டப்பட்ட வணிக வளாகத்தை இடித்துப் பழைய நிலைக்குக் கொண்டுவரும்படி 1999-இல் உத்தரவிட்டது. மருத்துவமனை நல்ல காரியம்தான். அதற்காகப் பூங்காவை எடுத்துக்கொள்ள முடியாது என்பதே முதல் தீர்ப்பின் சாரம். நினைவுச் சின்னமும் நல்ல காரியம் என்ற வாதத்தோடுதான் பூங்காவுக்குள் நுழைகிறது என்பதால், இந்தத் தீர்ப்பு சிலைக் கமிட்டிகளும் படிக்க வேண்டிய ஒன்று.

ஆனால் 1959-இன் சட்டம் ஒரு கோட்டைப் போடாமல் விட்டுவிட்டது. மூலையில் நிற்கும் நான்கடித் தூண் பூங்காவின் பயனைக் குறைப்பதாக யாரும் சொல்லப்போவதில்லை. கூரையும் படிக்கட்டும் கம்பி வேலியும் கொண்ட மணிமண்டபம் குறைக்கத்தான் செய்யும். இரண்டுக்கும் நடுவில் எந்த அளவில் நிறுத்துவது என்று சட்டத்தில் இல்லை.

சாலைக்கு வந்த தடை

2009 செப்டம்பர் 29-இல் உச்ச நீதிமன்றம், பொதுத் தெருக்கள், பூங்காக்கள், பிற பொது இடங்களில் வழிபாட்டுத் தலங்களின் பெயரால் அனுமதியற்ற கட்டுமானங்கள் இனி கூடாது என்று ஆணையிட்டது. அதே வழக்கின் தொடர்ச்சியாக, 2013 ஜனவரி 18-இல் சிலைகளின் முறை வந்தது. கேரளத்தின் நெய்யாற்றின்கரை அருகே சாலைச் சந்திப்பு ஒன்றில் முன்னாள் அமைச்சர் சுந்தரன் நாடாருக்குச் சிலை வைக்க அரசு அனுமதித்ததை ஒட்டி எழுந்த விவகாரம் அது. சாலைகள், நடைபாதைகள், பொதுப் பயன்பாட்டுக்குரிய பிற இடங்களில் சிலையோ வேறு கட்டுமானமோ எழுப்ப மாநில அரசுகள் இனி அனுமதி தரக் கூடாது என்றது நீதிமன்றம். தெருவிளக்கு, போக்குவரத்து வசதி, சாலையை அழகுபடுத்துவது போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு.

இந்த இரண்டு ஆணைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒரு வேறுபாடு தெரியும். முதலாவதில் ‘பூங்கா’ என்ற சொல் நேரடியாக இருக்கிறது. இரண்டாவதில் அது ‘பொதுப் பயன்பாட்டு இடம்’ என்ற பொதுப் பெயருக்குள் அடங்கிவிடுகிறது. அடங்குகிறதா என்று கேட்பவர்களும் உண்டு. பூங்காவைவிடப் பொதுப் பயன்பாட்டுக்கு உரிய இடம் வேறு எது என்பதே அதற்கு நேரான பதில்.

தடைக்குப் பிறகு சிலைகள் நின்றுவிடவில்லை, இடம் மாறின. சென்னையில் 2022-இல் கருணாநிதி சிலை ஓமந்தூரார் அரசினர் தோட்டத்திலும், 2023-இல் வி.பி. சிங் சிலை மாநிலக் கல்லூரி வளாகத்திலும் திறக்கப்பட்டன. கிண்டி காந்தி மண்டப வளாகத்தில் 2025 செப்டம்பரில் வேலு நாச்சியாருக்குச் சிலை வந்தது. சாலைத் திட்டிலிருந்து அரசு வளாகத்துக்கு நகர்ந்தது சென்னையில் சாத்தியம். அங்கே அரசுக்கு வளாகங்கள் இருக்கின்றன. சிறு நகரங்களில் அப்படிப்பட்ட வளாகம் என்றால் வட்டாட்சியர் அலுவலகமும் அரசு மருத்துவமனையும் பேருந்து நிலையமும்தான். அடுத்துக் கண்ணில் படுவது பூங்கா.

2021 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி எஸ்.எம். சுப்பிரமணியம், பொது இடங்களில் உள்ள சிலைகளை அகற்றி, ‘தலைவர்கள் பூங்கா’ ஒன்றை அமைத்து அங்கே கொண்டுபோய் வைக்கவும், பராமரிப்புச் செலவைச் சிலை வைத்தவர்களிடமே வசூலிக்கவும் வழி செய்யுமாறு அரசுக்கு உத்தரவிட்டார். செலவை வைத்தவர் ஏற்க வேண்டும் என்ற பகுதி, எந்த நகராட்சியும் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கொள்ளக் கூடியது. தலைவர்கள் பூங்கா என்ற பகுதியில் சிக்கல் உண்டு. எல்லாத் தலைவர்களையும் ஒரே வளாகத்தில் வரிசையாக நிறுத்தினால் போக்குவரத்து சீராகும். ஆனால் சிலை வைப்பவர்கள் கேட்பது அந்த இடத்தை அல்ல. தங்கள் தெருமுனையை, தாங்கள் தினமும் கடக்கும் வழியைத்தான் கேட்கிறார்கள். அந்த உணர்வைக் கணக்கில் எடுக்காத விதி காகிதத்தில் மட்டுமே இருக்கும்.

அரசு கேட்டாலும் பதில் அதுதான் என்பதை 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் காட்டியது. திருநெல்வேலி மாவட்டம் வள்ளியூரில் காய்கறிச் சந்தை நுழைவாயில் அருகே கருணாநிதி சிலை வைக்க அனுமதி கோரிய மாநில அரசின் மனுவை ஏற்க மறுத்ததோடு, முன்னாள் தலைவர்களின் புகழுக்குப் பொதுப்பணத்தை ஏன் செலவிட வேண்டும் என்றும் கேட்டது.

கோப்பு போகும் வழி

சிலை வைக்க விரும்பும் அமைப்பு மாவட்ட ஆட்சியருக்கு மனு கொடுக்கிறது. பெரும்பாலும் திங்கள்கிழமை மக்கள் குறைதீர் கூட்டத்தில், ஊர்ப் பெரியவர்கள் நாலு பேரோடு. மனு வருவாய்த் துறைக்குப் போகிறது. நிலம் புறம்போக்கா, பட்டாவா, உள்ளாட்சிக்குச் சொந்தமானதா என்று கிராம நிர்வாக அலுவலர் அறிக்கை எழுதுகிறார். காவல் துறை சட்டம் ஒழுங்கு நிலவரத்தைச் சொல்கிறது. நெடுஞ்சாலைத் துறை போக்குவரத்தைப் பார்க்கிறது. உள்ளாட்சி மன்றம் தீர்மானம் போட்டுத் தடையின்மைச் சான்று தருகிறது. ஆட்சியரின் பரிந்துரையோடு கோப்பு சென்னைக்குப் போய், அரசு முடிவெடுக்கிறது.

இத்தனை மேசைகளில் ஒன்றுகூட, பூங்காவைப் பயன்படுத்துபவர்களிடம் கேட்பதில்லை. காலையில் நடைப்பயிற்சி செய்யும் ஓய்வூதியர், சாயங்காலம் பேரக்குழந்தையை ஊஞ்சலில் வைத்து ஆட்டும் பாட்டி, மரத்தடியில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர் யாருக்கும், அஸ்திவாரக் குழி தோண்டும் நாள்வரை விஷயம் தெரியாது. சட்டம் ஒழுங்கு பற்றிக் காவல் துறையைக் கேட்கும் நடைமுறையில், நிழல் பற்றிக் கேட்க ஆள் இல்லை.

விதி தெளிவாக இல்லாவிட்டால் கீழ்நிலை அதிகாரிகள்தான் அகப்பட்டுக்கொள்கிறார்கள். 2023 ஜனவரியில் காரைக்குடியை அடுத்த கோட்டையூரில், தனியார் வீட்டு வளாகத்தில் திறப்பு விழாவுக்குத் தயாராக இருந்த பெரியார் மார்பளவுச் சிலையை, அனுமதி இல்லை என்று சொல்லி அதிகாரிகள் அகற்றினார்கள். சொந்த இடத்தில் வைத்ததை எப்படி எடுக்கலாம் என்று எதிர்ப்பு எழுந்தது. பின்னர் வட்டாட்சியரும் காவல் துணைக் கண்காணிப்பாளரும் இடமாற்றம் செய்யப்பட்டனர். அகற்றியது சரியா தவறா என்பது ஒருபுறம். பட்டா நிலத்தில் வைக்கும் சிலைக்கே விதி என்ன என்று அலுவலர்களுக்கும் வைப்பவர்களுக்கும் ஒரே புரிதல் இல்லை என்றால், பொதுப் பூங்காவில் நிலைமை என்னவாக இருக்கும் என்று ஊகிக்கலாம்.

சீமையின் நினைவுகள்

சிவகங்கை மாவட்டத்துக்கு நினைவுச் சின்னங்கள் புதிதல்ல. மருது சகோதரர்கள் 1801 அக்டோபர் 24-இல் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். அங்கே நினைவு மண்டபம் இருக்கிறது. காளையார்கோவிலில் சமாதி இருக்கிறது. 1772-இல் கணவர் முத்துவடுகநாதரை அதே காளையார்கோவில் போரில் இழந்து, பின்னர் சீமையை மீட்ட வேலு நாச்சியாருக்குச் சிவகங்கையை ஒட்டிய சூரக்குளத்தில் 2014-இல் மணிமண்டபம் திறக்கப்பட்டது. காரைக்குடியில் கண்ணதாசன் மணிமண்டபம். நாட்டரசன்கோட்டையில் கம்பர் சமாதி. சா. கணேசன் 1939-இல் காரைக்குடியில் தொடங்கிய கம்பன் கழகம், கம்பன் மணிமண்டபத்தையும் அதன் வளாகத்தில் தமிழ்த்தாய் கோயிலையும் உருவாக்கியது. இவை எல்லாமே பூங்காவின் இடத்தைப் பிடிக்காமல், தத்தம் வளாகத்தில் நிற்பவை. காந்தியும் ஜீவாவும் 1927-இல் சந்தித்த சிராவயலில் நினைவு மண்டபம் என்று அரசு அறிவித்தபோதும், நிகழ்ச்சி நடந்த ஊரே இடமாயிற்று. எது நடந்ததோ அந்த மண்ணில் சின்னம் வைப்பதுதான் முறை. நடந்ததற்கும் பூங்காவுக்கும் தொடர்பே இல்லாதபோது, இடம் சும்மா கிடக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக அங்கே வைப்பது வேறு.

நினைவுச் சின்னம் என்றால் கல் மட்டும் அல்ல, நாளும் சேர்ந்ததுதான் என்பதையும் இந்த மாவட்டம் நன்றாக அறியும். அக்டோபர் 24-இல் திருப்பத்தூர், 27-இல் காளையார்கோவில், 30-இல் பக்கத்து மாவட்டத்துப் பசும்பொன் என்று கடைசி வாரம் முழுக்கக் கூட்டம். தடை உத்தரவு, வாடகை வண்டிகளுக்குக் கட்டுப்பாடு, டாஸ்மாக் மூடல், வழித்தட மாற்றம், வெளிமாவட்டப் போலீஸ் என்று ஆண்டுதோறும் ஓர் ஏற்பாடு நடக்கிறது. பூங்காவில் ஒரு தலைவருக்குச் சிலை வைக்க அனுமதிக்கும்போது, அவருடைய பிறந்த நாளுக்கும் நினைவு நாளுக்கும் சேர்த்தே அனுமதி தரப்படுகிறது. மாலை போட வரும் நூறு கார்கள் எங்கே நிற்கும், அன்று பூங்கா திறந்திருக்குமா என்ற கேள்விகள் கோப்பில் வருவதே இல்லை.

பெயர் சூட்டுவதில் விதி இல்லாமல் போனதன் விலையும் இங்கே தெரியும். 1985-இல் ராமநாதபுரத்திலிருந்து பிரிந்த இந்த மாவட்டம் பல ஆண்டுகள் முத்துராமலிங்கத் தேவர் பெயரைத் தாங்கியிருந்தது. மாவட்டங்களுக்கும் போக்குவரத்துக் கழகங்களுக்கும் தலைவர்களின் பெயர் வைப்பது வழக்கமாகி, 1997-இல் வீரன் சுந்தரலிங்கம் பெயரில் ஒரு போக்குவரத்துக் கழகம் வந்தபோது தென் மாவட்டங்களில் மோதல் வெடித்தது. அதே ஆண்டு ஜூலையில் எல்லாப் பெயர்களையும் அரசு எடுத்துவிட்டது. மாவட்டம் மீண்டும் சிவகங்கை ஆயிற்று. ஒருவருக்குக் கொடுத்ததை மற்றவருக்கு மறுக்க முடியாது, மறுக்காவிட்டால் அமைதி இல்லை என்ற நிலையில், எல்லோருடையதையும் எடுத்தார்கள். விதியை முதலிலேயே எழுதியிருந்தால் எந்தத் தலைவரின் பெயரும் எடுக்கப்படும் அவமதிப்புக்கு ஆளாகியிருக்காது.

செட்டிநாட்டுக்கு இன்னொரு வழியும் தெரியும். நகரத்தார் தங்கள் பெரியவர்களின் நினைவாக ஊருணி வெட்டினார்கள், நந்தவனம் வைத்தார்கள், பள்ளிக்கூடம் கட்டினார்கள். வள்ளல் அழகப்பர் கொடுத்த 300 ஏக்கரில் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் எழுந்தது. நேரு 1948-இல் அடிக்கல் நாட்டினார். காரைக்குடிக் கல்லூரிச் சாலை முழுக்க அந்த மனிதரின் நினைவுதான். இவ்வளவு பெரிய கை எல்லோருக்கும் கிடையாது என்றால், சுமைதாங்கிக் கல் இருக்கிறது. வயிற்றுப் பிள்ளையோடு இறந்த பெண்ணின் நினைவாகச் சாலையோரத்தில் இரண்டு கல்லை நட்டு, மேலே ஒன்றைக் கிடத்துவார்கள். தலைச்சுமையோடு வருபவர் யாருடைய உதவியும் இல்லாமல் சுமையை இறக்கி வைத்து மூச்சு வாங்கலாம். இறந்தவர் பெயரும் வழியில் போகிறவர் சௌகரியமும் ஒரே கல்லில் சேர்ந்திருந்தன. பூங்காவில் இன்று வைக்கத்தக்க நினைவுச் சின்னத்துக்கு இதைவிட நல்ல முன்மாதிரி வெளியே தேட வேண்டியதில்லை.

பத்து சென்டில் ஒரு சென்ட்

ஒரு சாதாரண மனைப்பிரிவுப் பூங்காவைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பரப்பு 10 சென்ட், அதாவது 4,356 சதுர அடி. அதில் ஆளுயர வெண்கலச் சிலை ஒன்று. சிலையின் பாதம் இரண்டடிக்கு இரண்டடிதான். ஆனால் பீடம் வேண்டும். மாலை போட ஏறும் இரும்பு ஏணியோ படிக்கட்டோ வேண்டும். யாராவது சேதப்படுத்திவிடக் கூடாது என்று சுற்றிலும் கம்பி வலை. முகப்பில் கிரானைட் கல்வெட்டு. அதில் தலைவரின் பெயரைவிடத் திறந்துவைத்தவர், முன்னிலை வகித்தவர், தலைமை தாங்கியவர் பெயர்களே அதிக இடம் பிடித்திருக்கும். பக்கத்தில் ஒரு கொடிக்கம்பம், ஒரு போகஸ் லைட். எல்லாம் சேர்ந்து 20 அடிக்கு 20 அடி என்றால் 400 சதுர அடி. பூங்காவில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. வேலி போட்ட அந்தப் பகுதிக்குள் ஆண்டில் இரண்டு நாள் தவிர யாரும் போக முடியாது. இரண்டாவது சிலைக்கு அனுமதி மறுக்கவும் முடியாது. நகர்ப்புறத்தில் ஒருவருக்கு 10 முதல் 12 சதுர மீட்டர் திறந்தவெளி வேண்டும் என்று மத்திய அரசின் நகரத் திட்ட வழிகாட்டி 2014-இல் சொன்னது. அந்த அளவை நெருங்காத ஊர்களில் ஒவ்வொரு சதுர அடியும் கணக்குத்தான்.

வெளிநாட்டு அனுபவம் இங்கே உதவும். லண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் நகர மன்றம், ஒருவர் இறந்து 10 ஆண்டு ஆகாமல் அவருக்குச் சிலை கூடாது என்று வழிகாட்டு நெறி வைத்திருக்கிறது. சின்னங்கள் நிறைந்துவிட்ட பகுதியை வரைபடத்தில் குறித்து, அங்கே மிகவும் விதிவிலக்கான காரணம் இல்லாமல் புதிதாக எதுவும் வேண்டாம் என்கிறது. அமெரிக்கா 1986-இல் சட்டமே இயற்றியது. தலைநகரின் கூட்டரசு நிலத்தில் தனிமனிதருக்கு நினைவுச் சின்னம் வைக்க, அவர் இறந்து 25 ஆண்டு ஆகியிருக்க வேண்டும். கட்டுமானச் செலவில் 10 சதவீதத்தைப் பராமரிப்புக்கென முன்கூட்டியே கட்ட வேண்டும். 2003-இல், நேஷனல் மால் எனப்படும் நடுப்பகுதி நிறைந்துவிட்டது, இனி அங்கே எதுவும் இல்லை என்றே நாடாளுமன்றம் அறிவித்தது. பிறகு அதே நாடாளுமன்றம் விலக்கும் கொடுத்தது என்பது வேறு கதை. ஆனால் விலக்குக்குத் தனிச் சட்டம் போட வேண்டியிருந்தது. லண்டனில் நாடாளுமன்றத்தை ஒட்டிய விக்டோரியா டவர் தோட்டத்தில் யூத இனப்படுகொலை நினைவகம் கட்ட அரசே அனுமதித்தபோது, அந்த இடம் தோட்டமாகவே இருக்க வேண்டும் என்று சொல்லும் 1900-ஆம் ஆண்டுச் சட்டம் குறுக்கே வந்தது. 2022-இல் உயர் நீதிமன்றம் அனுமதியை ரத்து செய்தது. நினைவகத்தின் நோக்கத்தை அங்கே யாரும் குறை சொல்லவில்லை. தோட்டம் தோட்டமாக இருக்க வேண்டும் என்பதுதான் விவகாரம்.

தமிழர்களே முன்னின்று பெற்ற ஓர் உதாரணமும் உண்டு. 2021 ஜனவரியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்திலிருந்த முள்ளிவாய்க்கால் நினைவுத் தூபி இடிக்கப்பட்டது. அதே மாதம் கனடாவின் பிராம்ப்டன் நகர மன்றம், தமிழ் இனப்படுகொலை நினைவுச் சின்னத்துக்கு இடம் தர ஒருமனதாகத் தீர்மானித்தது. சிங்குவாக்குசி பூங்காவில் அது திறக்கப்பட்டது 2025 மே 10-இல். இடையில் இலங்கை அரசு கடுமையாக ஆட்சேபித்தது. நான்கு ஆண்டுகள் எடுத்துக்கொண்டாலும், வெளிநாட்டு அரசு ஒன்றின் எதிர்ப்பைத் தாண்டி அது நிற்கக் காரணம், மன்றத்தில் வெளிப்படையாக எடுத்த முடிவு அதன் பின்னால் இருப்பதுதான்.

விதியில் இருக்க வேண்டியவை

காரைக்குடி 2024 ஆகஸ்டில் மாநகராட்சியாகத் தரம் உயர்ந்தது. சுற்றியிருந்த ஊர்களின் இடங்களும் எல்லைக்குள் வருகின்றன, பூங்காக்களும் வருகின்றன. பூங்கா நினைவுச் சின்னங்களுக்கு எழுத்தில் விதி வகுக்க இதைவிட நல்ல சமயம் வாய்க்காது. அரசின் ஒப்புதல் தேவைப்படும் விஷயங்களில்கூட, தடையின்மைச் சான்று தரும் மன்றம் எந்த அடிப்படையில் தருகிறது என்று முன்கூட்டியே தீர்மானமாகப் போட்டுவைக்கலாம்.

அளவில்தான் தொடங்க வேண்டும். சிறு பூங்காக்களில் கட்டுமானம் எதுவும் வேண்டாம். பெஞ்சிலோ, மரத்தடியிலோ, குடிநீர்க் குழாயிலோ பெயர் பொறித்த ஒரு சிறு கல் போதும். கடைத்தெருவில் ட்யூப்லைட்டில் ‘உபயம்’ என்று எழுதி வெளிச்சத்தை மறைக்கும் பழக்கம் பூங்காவுக்கும் வராதபடி எழுத்தின் அளவையும் சொல்லிவிடலாம். பெரிய பூங்காக்களில் சின்னம் வரலாம் என்றால், மொத்தப் பரப்பில் இவ்வளவுக்கு மேல் இல்லை என்ற உச்சவரம்பு வேண்டும். இறந்து 10 ஆண்டு என்ற காத்திருப்பு தமிழ்நாட்டுக்கு மிகவும் தேவை. இரங்கல் சூடு தணியாத நாளில் எடுக்கும் முடிவு எப்படி இருக்கும் என்பதற்கு மெரினா சாட்சி. 2018 ஆகஸ்டில் கருணாநிதியை அங்கே அடக்கம் செய்யலாமா என்பதை உயர் நீதிமன்றம் இரவிலும் மறுநாள் காலையிலும் அமர்ந்து தீர்த்துவைக்க வேண்டியிருந்தது.

மனு வந்தால் பூங்கா வாசலிலேயே அறிவிப்புப் பலகை வைத்து ஒரு மாதம் கருத்துக் கேட்க வேண்டும். பராமரிப்புக்கு வைப்புத்தொகை கட்டாயம். செலவை எம்.பி. நிதியில் தள்ளிவிட முடியாது. நினைவுச் சின்னங்களுக்கு அந்த நிதியில் இடமில்லை என்று அதன் வழிகாட்டு நெறிகள் நெடுங்காலமாகச் சொல்லிவருகின்றன. ஆண்டு நாள் கூட்டத்துக்கான ஏற்பாடும் அனுமதியின் பகுதியாக இருக்க வேண்டும்.

அகற்றும் விதி இல்லாத அனுமதி அரைகுறை அனுமதி. சென்னை மவுண்ட் ரோட்டில் நின்ற பிரிட்டிஷ் படை அதிகாரி ஜேம்ஸ் நீல் சிலையை எதிர்த்து 1927-இல் சத்தியாகிரகம் நடந்தது. அது அகற்றப்பட்டது 1937-இல், ராஜாஜி அமைச்சரவை வந்த பிறகு. கடற்கரைக் கண்ணகி 2001 டிசம்பரில் காணாமல் போய், ஆட்சி மாறியதும் 2006-இல் திரும்ப வந்தாள். போக்குவரத்துக்கு இடையூறு என்று உயர் நீதிமன்றம் சொன்ன சிவாஜி கணேசன் சிலை 2017 ஆகஸ்டில் ஓர் இரவில் எடுக்கப்பட்டு அடையாறு மணிமண்டபத்துக்குப் போனது. மூன்றிலும், எந்த நிலையில் சின்னத்தை எடுக்கலாம், எங்கே கொண்டுபோய் வைக்க வேண்டும், யாருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று முன்பே எழுதிய விதி இருந்திருந்தால், இரவு நேர கிரேன் தேவைப்பட்டிருக்காது.

இவ்வளவு கட்டுப்பாட்டுக்கும் நியாயமான ஓர் எதிர்ப்பு உண்டு; அதைத் தட்டிக்கழிக்க முடியாது. நல்ல சந்திப்புகளையும் முக்கிய வீதிகளையும் முதலில் வந்தவர்கள் எடுத்துக்கொண்டு விட்டார்கள். இப்போது கதவை மூடினால், காலங்காலமாக வீதியில் நடக்கவே உரிமை மறுக்கப்பட்டவர்களின் தலைவர்களுக்குத்தான் இடம் இல்லாமல் போகும். தென் மாவட்டங்களில் ஊர் ஊராகக் கம்பிக் கூண்டுக்குள் நிற்கும் அம்பேத்கர் சிலைகள், சிலை என்பது சிலருக்கு அலங்காரமும் சிலருக்கு உரிமைக் கோரிக்கையுமாக இருப்பதைச் சொல்கின்றன. 2019 ஆகஸ்டில் வேதாரண்யத்தில் உடைக்கப்பட்டது அப்படி ஒரு சிலைதான். பெண்களின் கணக்கும் இதுவே. நியூயார்க்கின் சென்ட்ரல் பூங்காவில் வாழ்ந்து மறைந்த பெண்களுக்கு முதல் சிலை வைக்கப்பட்டது 2020-இல்தான். வேலு நாச்சியாருக்கு இந்திய அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்டது 2008-இல். அவர் காலமாகி இரண்டு நூற்றாண்டு கடந்த பிறகு. ஆகவே விதியில் வரிசை என்பது மனு வந்த வரிசையாக மட்டும் இருக்கக் கூடாது. ஊரில் இதுவரை யாருக்குச் சின்னம் இருக்கிறது, யாருக்கு இல்லை என்ற கணக்கை மன்றம் முன்னால் வைத்துக்கொண்டு முடிவெடுக்க வேண்டும். ஒரே சமூகத்துக்கோ ஒரே கட்சிக்கோ இரண்டாவது சின்னம் கேட்டு வரும் மனு, முதல் சின்னமே இல்லாதவர்களின் மனுவுக்குப் பின்னால் நிற்கட்டும்.

இதற்கெல்லாம் முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அதற்குப் புது விதியும் வேண்டாம், சென்னையின் அனுமதியும் வேண்டாம். 1959-இன் சட்டம் கேட்கும் பட்டியலை, எல்லைக்குள் புதிதாக வந்த பூங்காக்களையும் சேர்த்து, சர்வே எண்ணோடும் பரப்போடும் காரைக்குடி மாநகராட்சியும் மாவட்டத்தின் நகராட்சிகளும் தமிழில் வெளியிட வேண்டும். அந்தந்தப் பூங்காவில் ஏற்கெனவே நிற்கும் சிலை, தூண், கல்வெட்டு, கொடிக்கம்பம் எல்லாவற்றையும், அனுமதி பெற்றவை எவை, பெறாதவை எவை என்ற விவரத்தோடு, அதே பட்டியலில் சேர்க்க வேண்டும். அடுத்த மனுவை மன்றம் அதற்குப் பிறகு எடுக்கட்டும்.